ஸ்காபுக்குள் இருந்த போன்

என் கூடப்பிறந்த உயிர் ராத்தாவுக்கு,

நீ உறங்கும் கப்ரை அல்லாஹ் வெளிச்சமாக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் சொல்கிறார்கள். நான் நம்புவதில்லை.

சந்தியில் பெரிய பேனர் கட்டியிருக்கிறார்கள். "வாகனம் செலுத்தும்போது கையடக்கத் தொலைபேசி பாவிக்காதீர்" என்று சிவப்பு எழுத்து, அதற்குக் கீழே உன் பெயர். இனிமேல் போனோடு ஓட்டுகிறவர்களை ட்ராபிக் பொலிஸ் சும்மா விடாதாம், பள்ளிவாசலிலும் சொன்னார்கள். பேனரைக் கட்டி முடித்த விளையாட்டுக் கழகத் தலைவர் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணினார். போன் அடித்தது. அதை ஹெல்மட்டுக்குள் சொருகிக்கொண்டு ஹலோ சொன்னபடியே போய்விட்டார். இவர்களா தடுக்கப் போகிறார்கள்?

உனக்குத் தெரியும், நான் லேசில் யாரையும் நம்ப மாட்டேன். நீ போன பிறகு அது இன்னும் முற்றிவிட்டது. கல்முனை பஸ்ஸில் ஏறினால் சாரதியின் இடது கை எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறேன். ஸ்கூட்டியில் போகிற பெண்களின் தலையைச் சுற்றிய ஸ்காப், காதுப் பக்கம் புடைத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பொலிஸுக்கு அந்த வித்தை தெரியாது. நமக்குத் தெரியும், இல்லையா ராத்தா?

யோகநாதனின் வழக்கு வருகிற திங்கட்கிழமை. அன்றைக்கு ஸ்கூட்டியில் போன உன்னை மோதிய நெல் லொறியின் சாரதி அவர்தான், நாவிதன்வெளிக்காரர். போனில் கதைத்துக்கொண்டு வந்துதான் மோதினார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியது நான். ஆஸ்பத்திரி வாசலில் உன்னைக் கட்டின மச்சான் தலையில் அடித்துக்கொண்டு அழும்போது, "போன்ல கதைச்சிட்டு வந்திரிப்பான் மச்சான், வேற என்ன!" என்று கத்தினேன். மாலை அஸர் தொழுகைக்குள் அது கண்ணால் கண்ட செய்தியாகிவிட்டது. பிறகு பொலிஸ் வந்து கேட்டபோதும் நான் மாற்றிச் சொல்லவில்லை. அவருடைய போனில் அந்த நேரத்தில் ஒரு அழைப்பும் இல்லை என்றார்கள். "இன்னொரு போன் வெச்சிரிப்பான்" என்றேன்.

சாட்சி தேடியும் நானே போனேன். சைக்கிளில் மீன் கொண்டு வருகிற பெரியநீலாவணை மனிதர் நடந்ததைக் கண்டிருக்கிறார்.

"ரெண்டு கையும் ஸ்டேரிங்லதான் இருந்தது, தங்கச்சி. ஹோன் அடிச்சி அடிச்சித்தான் வந்தவன். உங்கட ராத்தாதான் திரும்பிப் பாக்காம குறுக்கால திருப்பினவ" என்றார்.

"உங்களுக்கு அவன் என்ன தந்தான்?" என்று கேட்டேன்.

மனிதர் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். அன்றிலிருந்து நம் தெருவுக்கு மீன் கொண்டு வருவதில்லை.

யோகநாதனின் மனைவியும் நம் கேட் வரைக்கும் வந்தாள். "அக்கா, எங்கட மனுசன் போனத் தொடவே இல்ல. அவரை மறியல்ல அடைச்சா நான் ரெண்டு புள்ளைகளையும் வெச்சிக்கிட்டு என்ன செய்யிற?" என்று அழுதாள். நடிக்கிறாளோ என்று அவள் கண்ணீரையும் உற்றுப் பார்த்தேன். கேட்டைச் சாத்திவிட்டு வந்து அலுமாரியைத் திறந்தேன்.

அலுமாரியில் உன் போன் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் உன் ஸ்காபோடு சேர்த்து ஒரு பையில் போட்டு என் கையில்தான் தந்தார்கள். கடைசி அழைப்பு என்னுடையது, பதினொரு நிமிடம். என் போனில் அதை அழித்துவிட்டேன். உன் போனை ஓஃப் பண்ணி உடுப்புக்கு அடியில் வைத்தேன்.

என்னத்துக்கு உனக்குப் போன் எடுத்தேன், நினைவிருக்கிறதா? விருந்துச் சோறு வைக்கிற பெரிய சஹன் தட்டைக் காணவில்லை, என் மதினிதான் எடுத்திருப்பாள் என்று சொல்ல. "நான் ஸ்கூட்டி ஓடிட்டு இரிக்கன் புள்ள, வீட்ட போய் போன் எடுக்கன்" என்றாய். நான் விட்டேனா? "ஸ்காபுக்குள்ளதானே இரிக்கி, கேட்டுட்டே வா" என்றேன். பிறகு லொறியின் ஹோன் சத்தம். ஓம் ராத்தா, அதை நானும் கேட்டேன். மீன்காரர் பொய் சொல்லவில்லை என்று அவரை மடக்கும்போதே எனக்குத் தெரியும். சஹன் எங்கள் கட்டிலுக்குக் கீழேதான் கிடந்தது.

நேற்று மருதமுனைக்கு ஸ்கூட்டியில் போகும்போது பொலிஸ் மறித்தார்கள். பக்கத்தில் நின்ற நம் ஊர்க்காரர் ஒருவர், "சேர், இது அந்த எக்சிடன்ட்ல மௌத்தான புள்ளட தங்கச்சி" என்றார். பொலிஸ்காரர் மரியாதையாகப் போகச் சொன்னார். என் ஸ்காபுக்குள் போன் இருந்தது. என் மகள் லைனில் இருந்தாள். நீ போன பிறகும் ராத்தா! கொஞ்சத் தூரம் போய் ஸ்கூட்டியை ஓரங்கட்டிவிட்டு, போனை இழுத்தெடுத்து, ரோட்டிலேயே குமுறி அழுதேன். எவ்வளவு கேவலமானவள் நான்! ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். என்னை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

உண்மையைச் சொன்னால் இனி மச்சான் என் முகத்தில் முழிப்பாரா? உம்மா தாங்குவாவா? சந்தியில் நின்று உன்னையே ஏசுவார்களா? உன் பெயருக்கு ஒரு சொல் வரக் கூடாது என்றுதான் மறைத்தேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். அதையும் நம்ப முடியவில்லை. என் பெயரைத்தான் காப்பாற்றினேன்.

அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்கிறேன், திங்கட்கிழமை வரை வைத்திருக்க மாட்டேன். நாளைக் காலை உன் போனோடு பொலிஸுக்குப் போய், நடந்ததை நடந்தபடி சொல்வேன். அங்கிருந்து நாவிதன்வெளிக்குப் போய் அந்தப் பெண்ணின் வாசலில் நிற்பேன். அவள் உள்ளே கூப்பிடாவிட்டாலும் நிற்பேன். நீ என்னை மன்னித்துப் பொருந்திக்கொள்வாயா ராத்தா?

இப்படிக்கு,
அன்றைக்கு உன்னைப் போனை வைக்க விடாத
உன் தங்கச்சி