பொட்டல் காட்டில் ஒரு துடுப்பு

கண்டக்டர் ஐயாவுக்கு,

உங்கள் வீட்டம்மா கொடுத்தனுப்பிய மஞ்சள் பையைத் திறந்ததும் உங்கள் மூக்குப்பொடி வாசம் வந்து முகத்தில் அடித்தது. உள்ளே நீங்கள் எனக்குப் படித்துக் காட்டிய கதை, ஏழு பாகமும். ஒவ்வொன்றும் செங்கல் கனம். எனக்கு எழுத்து தெரியாது, ஆனாலும் புரட்டினேன். அங்கங்கே நாலு பக்கம், பத்துப் பக்கம் என்று சேர்த்து மூலையை மடித்து வைத்திருந்தீர்கள். எதற்கு என்று விளங்கவில்லை. இந்த மடலை நான் சொல்லச் சொல்ல எழுதும் மருமகளைத்தான் அன்றைக்கும் கூப்பிட்டேன்.

அதற்கு முன்னால் நாம் சேர்ந்த கதையை இவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு வருடம் நமக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். செவ்வாயும் வெள்ளியும் காலையில் போய்ப் படுத்தால் நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷின் ரத்தத்தைச் சுத்தம் பண்ணித் தரும். முப்பது வருடம் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போர்வெல் போட்டவன் நான். அறுநூறு அடியில் பாறை உடைந்து பீறிடும் முதல் தண்ணீர் என் முகத்தில்தான் தெறிக்கும். அப்படிப்பட்டவனுக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிஞ்சினால் நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்குமாம். ஒரு வாய் கூடக் குடித்தாலும் எடை மெஷின் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் நாளே உங்களிடம் சொன்னேன்: “தண்ணிங்கற பேச்சே எடுக்காதீங்க. நாக்கு உள்ள இழுக்குதுங்க.”

“சரிங்க ரிக்குக்காரரே, எடுக்கலை. கதை கேக்கறீங்களா? ஏழு பாகம். முடியற வரைக்கும் ரெண்டு பேரும் இருந்தாகோணும்.”

பன்னிரண்டு வருடம் வானம் பொய்த்த மலைநாடு. அதன் சாபத்தைத் தீர்க்கக் கிளம்பிய நொண்டிக் கொல்லன். அவனைத் துரத்தும் சிறகு முளைத்த பாம்பு. பஸ்ஸில் நிறுத்தம் கூவிய குரலில் நீங்கள் வாசிப்பீர்கள். பாம்பு வந்தால் என் பி.பி. ஏறி மெஷின் கத்தும். “தாத்தா, பாம்பை அனுப்பிட்டு வாசிங்க!” என்று சிஸ்டர் சத்தம் போடுவாள். சரியாகக் கொல்லனின் கழுத்துக்குக் கத்தி வரும்போது புத்தகத்தை மூடுவீர்கள். “மிச்சம் வெள்ளிக்கிழமைங்க.” உடம்பு முடியாமல் இன்றைக்கு வேண்டாம் என்று நினைத்த எத்தனையோ நாள், அந்தக் கத்தி என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளவே பஸ் ஏறியிருக்கிறேன்.

மூன்றாம் பாகத்தில் கொல்லன் நாற்பது நாள் பொட்டல் காட்டில் நடந்தான். நடுவில் ஒரு நாள் நீங்கள், “கை சோர்ந்து துடுப்பைக் கீழே போட்டான்” என்று வாசித்தீர்கள்.

“பொட்டக்காட்டுல துடுப்பு எதுக்குங்க?”

அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினீர்கள். “பாம்படிக்கங்க. நடுவுல பேசாம கேளுங்க.”

ஆறு பாகம் முடிந்தது. ஏழாவதில் பாதி தாண்டிய வெள்ளிக்கிழமை உங்கள் முகம் சரியில்லை.

“முடிவுல ஒரு சிக்கல் இருக்குதுங்க. உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.”

“கொல்லன் செத்துப் போறானாங்க?”

“அதெல்லாம் இல்லைங்க. ஊட்டுல படிச்சுப் பார்த்து ஒரு வழி பண்ணிட்டு வாரேன்.”

செவ்வாய்க்கிழமை உங்கள் கட்டில் காலியாகக் கிடந்தது. திங்கள் மத்தியானம் படித்துக்கொண்டே இருந்தவர், புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்க் குடத்தைத் தூக்கி வாயில் கவிழ்த்துக்கொண்டீர்கள் என்று உங்கள் வீட்டம்மா அழுதார்கள். நிறுத்தவே இல்லையாம். விடிவதற்குள் மூச்சு அடைத்துவிட்டது. இத்தனை நாள் கட்டுத்திட்டமாக இருந்த மனுசன் ஏன் இப்படிச் செய்தார் என்று என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை.

மருமகள் மடித்த பக்கங்களை வாசித்த அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் மடிப்பில் ஒரு அருவி. அடுத்ததில் கிணறு. மூன்றாம் பாகத்தில் பொட்டலே இல்லை, நாற்பது நாளும் கடல். கொல்லன் படகில் போயிருக்கிறான். ஏழு பாகத்துத் தண்ணீரையும் எனக்காக இறைத்து வெளியே ஊற்றிவிட்டுக் கதையைக் காயக் காயச் சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கும் மூன்று டம்ளர்தானே ஐயா! அத்தனையையும் நீங்கள் தனியாகப் படித்திருக்கிறீர்கள்.

கடைசி மடிப்பில், “முதல் துளி விழுந்தது” என்று அவள் தொடங்கியதும், “மூடு சாமி, மூடு!” என்று கத்திவிட்டேன். சாபம் தீர்ந்து மழை பெய்கிறது. கடலைப் பொட்டலாக்கிய உங்களால் மழையை ஒன்றும் பண்ண முடியவில்லை. அந்தப் பக்கத்திலிருந்துதான் குடத்துக்கு எழுந்து போயிருக்கிறீர்கள். நான் கேட்டுக்கொண்ட ஒரு வார்த்தைக்காக.

அன்றிலிருந்து எனக்குப் பயம். புத்தகத்தைப் பரண் மேல் போடச் சொன்னேன். அது மேலே இருக்கிறது என்ற நினைப்புக்கே தொண்டை வறளும். சமையற்கட்டில் குழாய் சொட்டினால் மருமகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொல்வேன். உங்களை எழுப்பிக் கூட்டிப்போனது என்னையும் கூப்பிடும் என்று பயம்.

உங்கள் கட்டிலுக்கு இப்போது பனமரத்துப்பட்டிக் கொத்தனார் ஒருவர் வருகிறார். ஏரிக்கரை ஊர்க்காரர். முதல் நாள், “ஒரு வாய் தண்ணி குடுங்கம்மா” என்று சிஸ்டரிடம் கையெடுத்துக் கும்பிட்டார். பார்க்க முடியவில்லை. கதை கேக்கறீங்களா என்று நானே கேட்டுவிட்டேன். நீங்கள் சொன்னது சொன்னபடி எனக்கு மனப்பாடம். பொட்டல் காடு வந்ததும், நாக்குத் தவறியோ வேண்டுமென்றோ, துடுப்பையும் சொல்லிவிட்டேன்.

“ஏனுங்க, துடுப்பு எதுக்குங்க?”

“பாம்படிக்கங்க.”

அவர் சிரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவருக்கும் ஒரு நாள் ஏழாம் பாகம் வரும். அதற்குள் அந்த மழையை யாராவது முழுசாகக் கேட்டு, வேறொன்றாக மாற்றி வைக்க வேண்டும்.

எங்கே கேட்பது என்று பல நாள் யோசித்தேன். போன வெள்ளிக்கிழமை, கையில் இரண்டு ஊசியும் ஏறி மெஷின் ஓடத் தொடங்கியதும், சிஸ்டரிடம் சொல்லி மருமகளை உள்ளே வரவழைத்தேன். குழாயடிக்கு நான் எழுந்து போக முடியாத இடம் அது ஒன்றுதான். கொத்தனார் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் மெதுவாக வாசித்தாள். மழை பெய்தது ஐயா. பாறையில் பெய்தது, கொல்லனின் திறந்த வாயில் பெய்தது. வெறும் வாயை விழுங்கி விழுங்கிப் பார்த்தேன். மெஷின் கத்தியது. சிஸ்டர் ஓடி வந்தாள். முடிகிறவரைக்கும் நிறுத்த வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

சத்தத்தில் கொத்தனார் விழித்துக்கொண்டார். “கதைங்களா? கடைசியில என்னங்க ஆகுது?”

“காத்து அடிக்குதுங்க,” என்றேன். “பன்னெண்டு வருசம் அடிக்காத காத்து. குளுகுளுன்னு.”

அவர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. அந்த மழை இன்னும் எனக்குள் பெய்துகொண்டிருக்கிறது. கொத்தனாருக்கு நாளைக்குத்தான் நாலாம் பாகம் தொடங்க வேண்டும்.