அவர்களுடைய இருபதாம் தேதி

14 ஜனவரி 1886, வியாழன்

இன்று இரண்டு ரவிக்கை முடித்தேன். தவக்காலம் தொடங்கும்வரை வார்ஸாவில் எல்லோருக்கும் நடனம், எனக்கு ஊசி.

மாலையில் கொர்னேலியா என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். அளவு கொடுக்க வந்தவள் என்று நாடாவை எடுத்தேன். அவளுக்கு உடை வேண்டாமாம், என் அறைதான் வேண்டுமாம். வியாழக்கிழமைதோறும் நான்கு மணிக்கு அவள் பதினோரு பெண்களுக்கு நம் போலிஷ் ஜனங்களின் சரித்திரம் சொல்லித்தரப்போகிறாளாம். பள்ளிக்கூடத்தில் அதை ரஷ்யனும் சொல்லித்தரமாட்டான், நம்மையும் சொல்லவிடமாட்டான்.

"தையல்காரி வீட்டுக்குப் பொம்பளைங்க கூட்டமா வந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கம்மா," என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? பிடிபட்டால் கடை போகும், அறை போகும், நானும் சைபீரியா போவேன். இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்குத்தானே என் வீட்டுக்காரன் கஸ்பெர் போனான், குருவி சுடும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, ஜாரின் பட்டாளத்தோடு மோத? இருபத்துமூன்று வருடமாக அவனை மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது நானே கதவைத் திறந்து விடுகிறேன்.

21 ஜனவரி

முதல் வகுப்பு. ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு துணி, கையில் ஊசி. நடுவில் என் மரப்பொம்மைக்குப் பாதி தைத்த நடன உடை மாட்டியிருந்தேன். யார் எட்டிப் பார்த்தாலும் தையல் வேலைதான் தெரியும்.

ஒன்றும் காதில் விழக்கூடாது என்று அடுப்படியில் நின்றேன். ஆனாலும் விழுந்தது. தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் வருடம், காட்டுக்கு நடுவே ஒரு சிற்றரசன். செக் தேசத்திலிருந்து ஒரு பெண் அவனுக்கு மனைவியாக வருகிறாள். மறுவருடம் அவன் ஞானஸ்நானம் பெறுகிறான். அங்கிருந்து நம் கணக்கு ஆரம்பமாம். கிட்டத்தட்ட ஆயிரம் வருடம்! என் அப்பாவின் அப்பா பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. தேநீர் கொதித்து வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது, நான் கவனிக்கவே இல்லை.

28 ஜனவரி

பத்து பதினோரு வயதுப் பெண் குழந்தைக்குக் கிராக்கோவில் முடிசூட்டினார்களாம். ராணியாக இல்லை, ராஜாவாக! யத்விகா. சாகும்போது நகையெல்லாம் சர்வகலாசாலைக்கு எழுதி வைத்தாளாம். இன்று அடுப்படியை விட்டு வந்து கூடத்திலேயே உட்கார்ந்தேன்.

4 பிப்ரவரி

தூக்கம் வராது போலிருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

1573. மற்ற தேசங்களில் மதத்துக்காக ஆளை ஆள் எரித்துக்கொண்டிருந்த காலம். இதே வார்ஸாவில் நம் பிரபுக்கள் கூடி, மதவேற்றுமைக்காக ஒருவர் ரத்தத்தை ஒருவர் சிந்தமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்களாம். நான் தினமும் ரொட்டி வாங்கப் போகும் இந்த ஊரில்!

பிறகு இன்னொன்று. சபையில் நூறு பேர் சரி என்றாலும், ஒரே ஒருவன் எழுந்து "விடமாட்டேன்" என்றால் அந்தச் சபையே கலைந்துவிடும். அதுவும் நம் ஆட்கள்தான். தொப்பி தைக்கிற பெலகியா சொன்னாள்: "எங்க வீட்டு மாடிப்படியில ஆறு குடும்பம் டீச்சர். இப்பவும் அந்தச் சட்டம்தான் நடக்குது." சிரித்து ஓய நேரமாயிற்று. அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் ஒரு ராஜா பெயர் விடாமல் மனப்பாடமாக ஒப்பிக்கிறாள்.

10 பிப்ரவரி

வாசல்காவல் வாலென்டி படிக்கட்டில் நிறுத்தினான். கட்டடத்துக் காவலாளி என்றாலே போலீஸின் காது, இது ஊருக்கே தெரியும்.

"இருபதாம் தேதி வீட்டுப் பதிவேடு பாக்க வர்றாங்க தையலம்மா. உள்ளெல்லாம் நுழைஞ்சு பாப்பாங்க. சொல்லணும்னு தோணிச்சு."

ஏன் சொன்னான்? எச்சரிக்கிறானா, ஆழம் பார்க்கிறானா? தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

20 பிப்ரவரி, சனி

காலையிலிருந்து ஊசி பிடிக்கவில்லை. கொர்னேலியா விட்டுப்போன இரண்டு புத்தகத்தையும் முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய்க்குப் பின்னால் தள்ளி வைத்தேன். யாரும் வரவில்லை. வாலென்டி பொய் சொல்லியிருக்கிறான், இல்லை அவர்களே மறந்துவிட்டார்கள். கடவுள் காப்பாற்றினார்.

25 பிப்ரவரி

கொர்னேலியா என் பழுப்புக் காகிதத்தைக் கேட்டாள், உடைக்கு அளவு வரைகிற காகிதம். அதில் என் சுண்ணாம்புக்கட்டியால் நம் பழைய நாட்டை வரைந்தாள். வடக்கே கடல். தெற்கே கருங்கடலுக்குப் பக்கம்வரை போகிறது. மேஜை போதாமல் காகிதம் இரண்டு பக்கமும் தொங்கியது. இவ்வளவு பெரிதா? இவ்வளவு பெரிதாகவா இருந்தோம்?

பிறகு கோடு போட்டாள். 1772. 1793. 1795. ரஷ்யாவும் பக்கத்து அரசுகள் இரண்டும் மூன்று முறை வெட்டிப் பங்கு போட்டனவாம். கடைசிக் கோட்டோடு பூமியின் படத்தில் நம் பெயரே இல்லை.

நான் முப்பது வருடமாகத் துணி வெட்டுகிறவள். ஒரு துண்டை எந்த அவசரத்தில் வெட்டினார்கள் என்று விளிம்பைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தக் கோடுகளைப் பார்த்து அழுதேன். எனக்கே வெட்கமாகிவிட்டது. ஆனால் யாரும் பார்க்கவில்லை, அவர்களும் அழுதுகொண்டிருந்தார்கள்.

படத்தைக் கொளுத்திவிடலாம் என்றாள் கொர்னேலியா. மனசு வரவில்லை. மற்ற அளவுத் தாள்களோடு சுருட்டி வைத்தேன்.

4 மார்ச், கொழுத்த வியாழன்

கதவைத் தாழிட்டுவிட்டு எழுதுகிறேன்.

தவக்காலத்துக்கு முந்தைய இந்த வியாழனில் வயிறு முட்டப் பொன்ச்கி பணியாரம் தின்னாவிட்டால் வருடமே விளங்காது என்பார்களே, அதனால் ஒரு கூடை நிறையப் பொரித்து வைத்திருந்தேன், உள்ளே ரோஜா ஜாம் வைத்து. கொர்னேலியா 1830 கலகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். படம் மேஜைமேல் விரித்தபடி கிடந்தது. கதவை யாரும் தட்டவே இல்லை, திறந்தது. மீசைக்காரப் போலீஸ் ஒருவன். பின்னால் பதிவேட்டோடு வாலென்டி.

பன்னிரண்டு பெண்களும் தையலில் குனிந்துகொண்டார்கள். கொர்னேலியா கையில் ஊசி இருந்தது. நூல் கோக்கவில்லை.

போலீஸ்காரன் சுற்றி வந்தான். அடுப்படியைப் பார்த்தான். மேஜைக்கு வந்தான். கரகரத்த போலிஷில் கேட்டான்: "இது என்ன?"

"பாவாடையோட பின்பக்கம் ஐயா. இந்த வருஷம் பின்னாடி உப்பலாத்தானே எல்லாரும் கேக்கறாங்க."

"இவ்வளவு பெருசாவா?"

"அந்தம்மாவும் பெருசுதான்."

அவன் சிரிக்கவில்லை. மூன்று கோடுகளை விரலால் தடவினான். "அப்ப வெட்டு, பாக்கறேன்" என்று நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

வெட்டினேன். அலமாரியில் ரஷ்ய அதிகாரி ஒருவர் மனைவியின் செர்ரி நிறப் பட்டு இருந்தது. அதை விரித்து, மேலே படத்தைக் குத்தி, கத்தரியை எடுத்தேன். நடுவிலுள்ள கோடுகளைத் தொடவில்லை. மடிப்புக்கான அடையாளம் என்று சொல்லிவிட்டேன். வெளி ஓரமாகவே போனேன். கடற்கரையோடு கிழக்கே போய், சதுப்பு நிலம் தாண்டி, ஆற்றோடு இறங்கி, மலையோரமாக மேற்கே திரும்பி, மறுபடி கடலுக்கு வந்தேன். அறையில் கத்தரிச் சத்தம் மட்டும்தான். காகிதத்தை எடுத்தேன்.

அங்கே கிடந்தது நம் நாடு, முழுசாக, ஒரே துண்டாக. தொண்ணூற்றொரு வருடத்துக்குப் பிறகு. என் மேஜைமேல், ஜாரின் போலீஸ்காரன் கண்ணெதிரே! இப்படி ஒன்றை என் கை செய்யும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

"நல்ல பட்டு," என்றான் அவன். இரண்டு பொன்ச்கி எடுத்துக்கொண்டான். போகும்போது கொர்னேலியாவிடம் மட்டும் நின்று, பெயரும் விலாசமும் குறித்துக்கொண்டான். ஊசியைப் பார்த்திருக்கிறான்.

வாலென்டி பின்தங்கி நின்று, "நான்தான் சொன்னேனே தையலம்மா, இருபதாம் தேதின்னு," என்றான்.

"இருபது போய்ப் பன்னிரண்டு நாளாச்சேப்பா."

"நம்ம இருபது போச்சு. அவங்க ரஷ்யக் காலண்டர் பன்னெண்டு நாள் பின்னாடி வருது, அதுல இன்னிக்குத்தான் இருபது."

தலையில் அடித்துக்கொண்டேன். சர்க்கார் காகிதம் ஒவ்வொன்றிலும் இரண்டு தேதி போட்டிருப்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒருவன் போலிஷில் "இருபது" என்றால் நம் இருபதாகத்தான் இருக்கும் என்று நம்பியிருக்கிறேன்!

கதவருகே போனவன் திரும்பி, குரலைத் தாழ்த்தினான். "வியாழக்கிழமைன்னா இந்த மாடிப்படிய ரெண்டு தடவ பெருக்கறேன், தெரியுமா? அந்த 1830-ல நம்மாளுங்க ஜெயிச்சாங்களா இல்லையா? பாதியில விட்டுட்டாங்களே."

இல்லை, தோற்றுவிட்டோம் என்றேன். தொப்பியைக் கழற்றி, கையில் பிடித்தபடியே இறங்கிப் போனான்.

6 மார்ச்

கொர்னேலியா காலை ரயிலில் கிராக்கோ போய்விட்டாள். அங்கே ஆஸ்திரியன் ஆட்சி, இவ்வளவு கெடுபிடி இல்லை. அடுத்தது 1863 கலகத்துப் பாடம், அதற்குள் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆளுக்கு எங்கே போவது? கதவைச் சாத்திவிடலாம். தவக்காலத்தில் நடன உடை தைக்க யாரும் வரமாட்டார்கள், பெண்கள் ஒன்றுகூடுவதற்குச் சாக்கும் இல்லை. நான் செய்தது போதும்.

10 மார்ச், சாம்பல் புதன்

நேற்று கடைசி நடனம். அந்தப் பட்டைக் கொசுவி, மடித்து, பின்பக்கம் தூக்கிக் கட்டித் தைத்துக் கொடுத்திருந்தேன். அந்த அதிகாரி மனைவி இரவெல்லாம் ஆடினாளாம், எல்லோரும் உடையைப் புகழ்ந்தார்களாம், நன்றி சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறாள். சிரிப்பதா அழுவதா? கோவிலில் நெற்றியில் சாம்பல் வாங்கும்போதும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

11 மார்ச், வியாழன்

நான்கு மணிக்குப் பதினோரு பேரும் வந்துவிட்டார்கள். பெலகியா கோவிலிலிருந்து பீடத் துணி ஒரு கட்டு தூக்கி வந்திருந்தாள், ஓரம் தைக்க. "தவக்காலத்துல இதவிட நல்ல வேலை உண்டா?" என்றாள். கதவைச் சாத்த எனக்குச் சாக்கே மிச்சமில்லை.

உட்கார்ந்தார்கள். கொர்னேலியாவின் நாற்காலி காலி. டீச்சர் இல்லை, இன்று பாடம் இல்லை என்றேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

"1863-ல நீங்க இங்கதானே அக்கா இருந்தீங்க?" பெலகியாதான் கேட்டாள். "நீங்க பாத்தத சொல்லுங்க."

எனக்கு அப்போது இருபது வயது, கல்யாணமாகி எட்டு மாதம் என்றேன். அவ்வளவோடு நிறுத்தத்தான் நினைத்தேன். அந்த ஆயிரம் வருடம், அந்தப் பெண்ராஜா, அந்தக் கையெழுத்துகள், மேஜைமேல் முழுசாகக் கிடந்த பட்டு, எல்லாம் நெஞ்சில் வந்து முட்டின. கஸ்பெருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. சொல்லவாவது முயன்றானா? முயன்றிருப்பான். நான் ரொட்டிக்கு மாவு போதாது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"என் வீட்டுக்காரர் போனார்," என்றேன். "திரும்பி வரல. எந்தக் காட்டுல புதைச்சாங்கன்னும் தெரியாது."

பெலகியா தையலைக் கீழே வைத்தாள். கைப்பையிலிருந்து தொப்பி அட்டை ஒன்றும் பென்சிலும் எடுத்தாள். "அவர் முழுப்பேர் சொல்லுங்கக்கா. ராஜா பேரெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கோம், இது தெரிய வேண்டாமா?"

"கஸ்பெர் விட்வின்ஸ்கி."

இருபத்துமூன்று வருடத்தில் இன்றுதான் அந்தப் பெயரை இந்த அறையில் வாய்விட்டுச் சொன்னேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத்தெழுத்தாக எழுதினாள். முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு, அன்று ஜனவரி இருபத்திரண்டு, பனி முழங்கால் ஆழம், நான் பேசமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன், அவர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார் என்று தொடங்கினேன்.