இறங்கிய சிவப்புக் கோடு

அண்ணே,

இன்று காலை மூத்தவன் தன் புதுக் காருக்கு ஆயுத பூஜை போட்டான். சின்னவள் செவ்வந்தி மாலையைக் கொண்டுபோய் ரேடியேட்டருக்குக் குறுக்கே கட்டினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சூடேறிய பூவின் வாசனை வந்ததும் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். மாலையை அவிழ்த்து மேலே கண்ணாடிப் பக்கம் கட்டச் சொன்னேன். அவள் பிறந்த நாளின் வாசனை அது.

இவன் காரில் வெப்பம் காட்டும் முள் ஓட்டுபவரின் கண்ணெதிரே இருக்கிறது. உங்கள் பழைய காரில் அது வெளியே, ரேடியேட்டர் மூடியின் தலைமேல், வட்டக் கண்ணாடிக்குள் ஒரு சிவப்புக் கோடாக நின்றது. கோடு பாதியில் நின்றால் நலம். உச்சிக்குப் போனால் தண்ணீர் கொதிக்கிறது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தக் காரில் தெர்மோஸ்டாட்டும் இருந்தது. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குள் விடாத சிறு கதவு. மணியடிக்கும்வரை பிள்ளைகளை வெளியே விடாத பள்ளிக் காவல்காரர் மாதிரி என்று நான் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். செந்தூல் பட்டறைக்காரர் சிரிக்கவில்லை.

"குளிர் தேசத்துக்காரன் பண்ணது லா இது. நம்ம வெயிலுக்கு எதுக்குண்ணே? கழட்டிக் கடாசிடுங்க."

"கழட்டினா எஞ்சின் சூடே புடிக்காது. பெட்ரோல் சரியா எரியாம எண்ணெயில கலக்கும். அப்புறம் உள்ள தேயும்" என்றீர்கள். கழற்றாமல், இன்னும் குறைந்த சூட்டில் திறக்கும் வேறொன்றை வாங்கிப் போட்டீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கதவு என்று ஒன்று இருந்தால் ஒருநாள் சிக்கிக்கொள்ளாதா?

சின்னவள் பிறந்தது அந்த வருஷத்து ஆயுத பூஜைக்கு மறுநாள். என் மனைவிக்கு இடுப்பு வலி கண்டு வெகுநேரமாகியும் குழந்தை இறங்கவில்லை. குறுக்கே கிடக்கிறது, கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று கிள்ளான் டாக்டர் சொன்னார். நான் ஓடிவந்து உங்கள் கதவைத் தட்டினேன். மறுபூஜை முடியாமல் மாலையைக் கழற்றுவது உங்கள் வீட்டில் வழக்கமில்லை. காரின் முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நடுவில் கனமான செவ்வந்தி மாலை, மூடியின் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும். விரலால் குங்குமத்தை மட்டும் துடைத்துவிட்டு வண்டியை எடுத்தீர்கள். மாலையைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

ஊரைத் தாண்டி ரப்பர்க் காட்டுக்குள் போனதும் கோடு ஏறத் தொடங்கியது. பின்னால் அவள் என் கையை நெரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு கண் அவள்மேல், ஒரு கண் கோட்டின்மேல்.

"அந்தக் கதவு சிக்கிக்கிச்சு அண்ணே! அப்பவே கழட்டியிருக்கணும்!"

"கத்தாதீங்க வாத்தியாரே. தங்கச்சி பயந்துக்கும்."

கோடு உச்சியைத் தொட்டது. மூடியிலிருந்து ஆவி சீறியது. ஓரமாக நிறுத்த இடம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்போது கோடு இறங்கியது. கண்ணெதிரே, சரசரவென்று.

"எறங்குது! எறங்குது அண்ணே, விடுங்க!" என்றேன்.

நீங்கள் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டீர்கள். திரும்பியபோது உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை.

"எறங்கினதாலதான் பயமா இருக்கு."

தண்ணீர் இருந்தால்தான் ஆவி மேலே வந்து கோட்டை ஏற்றும். தண்ணீரே போய்விட்டால் கோட்டுக்குச் சேதி சொல்ல ஆளில்லை. கீழே இரும்பு வெந்துகொண்டிருக்கும். மேலே கண்ணாடி குளிர்ச்சி என்று சொல்லும். பிறகு இறங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. விசிறி இழுத்த இழுப்பில் மாலை ரேடியேட்டரோடு ஒட்டி, காற்று போகும் வழியை அடைத்திருந்தது. பாதிப் பூ அவிந்து கறுத்திருந்தது. மாலையை நீங்கள் ஒரே இழுப்பில் பிய்த்து எறிந்தீர்கள்.

எஸ்டேட்டில் ரப்பர் பால் எடுக்கும் அம்மா ஒருவர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். நான் வாளியைப் பிடுங்கினேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"இப்ப ஊத்தினா இரும்பு வெடிச்சிடும். அப்புறம் தங்கச்சிய நாம தூக்கிட்டுத்தான் போகணும்."

"நல்லா இருக்கு கதை! புள்ளத்தாச்சிய உள்ள வச்சுக்கிட்டு வண்டிக்குப் பத்தியம் பாக்கறீங்களா?" என்று அந்த அம்மா சீறினார். சீறிவிட்டு, முந்தானையால் அவளுக்கு விசிறினார்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. சாலையில் வேறு வண்டி வரவில்லை. நீங்கள் உள்ளங்கையை எஞ்சினுக்கு அருகே கொண்டுபோவீர்கள், எடுப்பீர்கள். மறுபடி கொண்டுபோவீர்கள். உள்ளே அவளுடைய முனகல் சன்னமாகிக்கொண்டே வந்தது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. உங்களுக்கு இல்லை. "தங்கச்சி, கத்தும்மா. நல்லாக் கத்து" என்று அதட்டினீர்கள். அவள் உங்களைத் திட்டினாள். அப்போதுதான் உங்கள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

கடைசியில் சூடு தணிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றினீர்கள். தெர்மோஸ்டாட் சரியாகத்தான் திறந்தது. பிரிக்பீல்ட்ஸைத் தாண்டும்போது கோடு பாதியில் நின்றது. ஆஸ்பத்திரியில் கத்தி வைத்துத்தான் சின்னவளை எடுத்தார்கள். இருவரும் பிழைத்தார்கள்.

பிறகு ஒருநாள் நான் கேட்டபோது சொன்னீர்கள்: "ஏறுறப்ப எல்லாருக்கும் தெரியும் வாத்தியாரே. எறங்குறப்பதான் தொட்டுப் பாக்கணும்."

சில ஆண்டுகள் கழித்து அதே ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்கிற விஷக் காய்ச்சலோடு நீங்கள் படுத்திருந்தீர்கள். நாள்கணக்கில் இறங்காத காய்ச்சல். ஒரு காலை, காய்ச்சல் குச்சியை உங்கள் வாயிலிருந்து எடுத்துப் பார்த்த நர்ஸ் மிஸ்ஸி முகம் மலர்ந்தார். "எறங்கிடுச்சு!" அண்ணி கைகூப்பி அழுதார். நான் போர்வைக்குள் கைவிட்டு உங்கள் பாதத்தைத் தொட்டேன். ஐஸ்கட்டி.

நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"எறங்கிடுச்சா, வாத்தியாரே?"

டாக்டரைத் தேடி ஓடினேன். அவர் உடனே வந்தார். உள்ளே குடலில் ரத்தம் கசிகிறது என்றார், முடிந்ததெல்லாம் செய்தார். பொழுது சாய்வதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

போன மாதம் சின்னவளுக்குக் காய்ச்சல். காலையில் உங்கள் தங்கச்சி குச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எறங்கிடுச்சுங்க" என்று சிரித்தாள். நான் எழுந்துபோய்ப் பிள்ளையின் பாதங்களைப் பிடித்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தன. "கூசுதுப்பா, விடுங்க" என்று காலை இழுத்தாள்.

அப்போதும் நான் கையை எடுக்கவில்லை, அண்ணே.