மணலில் அமர்ந்த மேரிகோல்ட்

எசெக்ஸ் கடற்கரை,
12 ஆகஸ்ட் 1940

அன்புள்ள லென்,

ஜெர்மன்காரர்களின் சிறைமுகாமில் நீங்கள் உயிரோடு இருப்பதாக அட்டை வந்தது. அடுப்பில் மட்டிச் சிப்பி வெந்துகொண்டிருந்ததை மறந்து தெருவுக்கே ஓடிவிட்டேன். வயிற்றுக்கு ஏதாவது கொடுக்கிறார்களா?

இங்கே உங்கள் அப்பா பெரிய வீரர். பிரான்சில் ஜெர்மன்காரர்கள் வளைத்த டன்கிர்க் கரையிலிருந்து நம் 'மேரிகோல்ட்' படகு நிறைய சிப்பாய்களை ஏற்றி வந்தவர் என்று ஊரே கொண்டாடுகிறது. வீட்டிலோ வாயைத் திறப்பதில்லை.

"மாமா, அங்க லென்னைப் பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேன்."

"அப்ப ஏன் கூட்டிட்டு வரல?"

தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஊரார் பிள்ளைகளுக்கு இருந்த இடம் பெற்ற பிள்ளைக்கு இல்லையா? அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு வைக்கிறேன், பேசுவதில்லை.

படகை அவர் தொடுவதுமில்லை. அதனால் மட்டி வார நானே எடுத்துப் போகிறேன். பெண் கால் பட்டால் படகுக்கு ஆகாது என்பீர்களே, மேரிகோல்ட் நன்றாகத்தான் மிதக்கிறது. கோபமிருந்தால் நேரில் வந்து காட்டுங்கள்.

இந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருக்க முடியவில்லை. அக்கா வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டிவிட்டேன். என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் ஐவி

சிறைமுகாம்,
30 அக்டோபர் 1940

அருமை ஐவி,

முதலில் பெட்டியை அவிழ். அப்பா சொல்லமாட்டார், நான் சொல்கிறேன்.

டன்கிர்க்கில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தேன். மேரிகோல்டைக் கண்டதும் அழுகை வந்துவிட்டது. "ஏறுடா!" என்று அப்பா கத்தினார். ஏறினேன். அடிபட்டவர்களையும் ஏற்றினோம். ஆனால் மட்டிக்காரர் பழக்கம் அவரை விடவில்லை. நீர் வடியும் நேரத்தில், மட்டி வாரும் நம் மணல்மேட்டில் செய்வதுபோலவே, கரையை ஒட்டிக் கொண்டுவந்துவிட்டார். பாரம் ஏறியதும் படகு மணலில் அமர்ந்துவிட்டது. ஊரில் என்றால் அடுத்த கடலேற்றம்வரை காத்திருப்போம். அங்கே தலைக்குமேல் குண்டு போடும் விமானம்.

சிப்பாய்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். தட்டையான அடிப்பாகம் அப்படி விடுமா? பக்கவாட்டில் ஆட்டினால்தான் மணல் விடும். இறங்கினேன். ஆட்டி ஆட்டி விடுவித்தோம். அப்பா கையை நீட்டினார். எனக்காக ஒரு நொடி நின்றாலும் படகு மறுபடி அமர்ந்துவிடும்.

"போப்பா! திரும்பிப் பாக்காத, போ!" என்றேன்.

வாழ்நாளில் முதல்முறையாக என் பேச்சைக் கேட்டார், ஐவி. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு மற்றவர் பிள்ளைகளைக் கரை சேர்த்தார். அவர் மகன் என்று சொல்ல எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதற்கா அவரைத் தண்டிக்கிறாய்?

பெண் கால் பட்டால் ஆகாது என்றது நானா? அப்பாவாக இருக்கும்.

உன் லென்

எசெக்ஸ் கடற்கரை,
15 டிசம்பர் 1940

அன்புள்ள லென்,

உங்கள் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவனைத் தூக்கிப் போட்டுக்கிட்டு வந்திருக்கணும்மா" என்று முகத்தை மூடிக்கொண்டார்.

"அதுக்காக நின்னிருந்தா அத்தனை பேரும் மணல்லயே கெடந்திருப்பாங்க மாமா. நீங்க செஞ்சதுதான் சரி" என்றேன். இத்தனை மாதம் பேசாமலிருந்ததற்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

மறுநாள் காலை பூட்ஸ் போட்டுக்கொண்டு துறைக்கு வந்தார். சுக்கானை விட்டு எழுந்து இடம் கொடுத்தேன். உட்காரவில்லை.

"நீயே புடிம்மா. என் மருமக ஓட்டுறத ஊரு பாக்கட்டும்."

படகை மணல்மேட்டில் அமர்த்திவிட்டு மட்டி வாரினோம். கடலேற்றம் வந்து படகு தானாகவே மிதக்கத் தொடங்கியபிறகும் மாமா தண்ணீரில் இறங்கினார். அன்று நீங்கள் செய்ததுபோலவே, படகின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்து ஆட்டி ஆட்டித் தள்ளினார். பிறகு கையை நீட்டினார். நான் பிடித்து ஏற்றிக்கொண்டேன்.

உங்கள் ஐவி