செருப்பில் இருந்த உப்பு

அன்புத் தம்பிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதலில் அம்மாவின் செருப்பைக் கழுவினேன். வாரின் இடுக்கிலிருந்து உப்பு உதிர்ந்தது. மூன்று வாரத்துக்கு முன் அவள் உப்பளத்துக்கு வேலைக்கு நடந்துபோய் வந்தபோது ஒட்டியது. அதன் பிறகுதான் படுக்கையில் விழுந்தாள்.

குடலில் இருக்கும் கட்டியை எடுக்கலாம், ஆனால் அம்மாவின் உடம்பு ஆபரேஷனைத் தாங்காது என்று டாக்டர் சொன்னதைப் போனில் உனக்குச் சொன்னேன். அவர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொல்லவில்லை.

"படுக்கையில விழறதுக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க? தானா நடப்பாங்களா?" என்று கேட்டார். கூட்டிச் சொன்னால்தான் ஆஸ்பத்திரியில் கவனிப்பார்கள் என்று நம் ஊரில் எல்லோரும் செய்வதுபோல நானும் செய்தேன். "ஒரு வருஷமா படுக்கைதாங்க. சோறுகூட நான்தான் ஊட்டுறேன்" என்றேன். அதை வைத்துத்தான் ஆபரேஷன் செய்யலாமா என்று முடிவெடுப்பார் என்று எனக்குத் தெரியாது.

அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில்தான் கேட்டாள். "ஏன்டி, ஒரு வருஷமா உப்பு வாரினது செத்துப்போன உங்க ஆயாவா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஐந்து நாளாக அந்தக் குரல் எந்த அறைக்குப் போனாலும் கூடவே வருகிறது. உடனே திரும்பிப் போய்த் திருத்தியிருக்கலாம். போகவில்லை. ஆபரேஷன் இல்லை என்றதும் எனக்குள் ஏதோ லேசானது, தம்பி. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

நேற்று அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்து செருப்பைத் தேடினாள்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவளை மறுபடியும் டாக்டரிடம் அழைத்துப்போகிறேன். நான் சொன்னது பொய் என்று சொல்வேன். அப்புறம் அவர் கேட்பதற்கெல்லாம் அம்மாவே பதில் சொல்லட்டும். அவளுக்கே இதை இன்னும் சொல்லவில்லை.

உன் அக்கா