இராகுகாலத்தில் சேர்த்த மின்வண்டி

சங்கரன்கோவில்,
சனிக்கிழமை.

அன்பு மகள் இசக்கிசெல்விக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். நேற்றைய கூட்டத்தில் என் தொண்டை கட்டிக்கொண்டதால் தெருவும் நலம். உன் நலத்தையும் உன் சினத்தின் நலத்தையும் எழுது. போன ஞாயிறு, நீ விரும்பும் பேச்சிராஜாவின் வீட்டுக்கு முதன்முதலாகப் போனாய். இராகுகாலத்துக்கு முன்பே வந்துவிட வேண்டும் என்று அவன் தாய் கனகலட்சுமி சொல்லியிருந்தார். சென்னை மின்வண்டியோ இரு நிலையங்களுக்கு நடுவே நின்று தவம் செய்தது. நீ போய்ச் சேர்ந்தபோது இராகுகாலம் பிறந்துவிட்டது. அந்த அம்மையார் கதவுக்கு உள்ளே நின்றபடி, "செத்த அங்கனயே நில்லு மக்கா, ராகுகாலம் போயிரட்டும்" என்றாராம். நீ விடுதிக்குத் திரும்பி, இந்தத் திருமணமே வேண்டாம் என்று தொலைபேசியில் அழுதாய். எனக்குக் கொதித்தது. மேடைதோறும் நான் உதைத்துவரும் இராகுகாலம் என் மகளையே வாயிலில் நிறுத்துவதா? நல்ல நேரம், கெட்ட நேரம் என்ற வேறுபாடு பாராமல் எந்நேரமும் காலம் தாழ்த்தி வரும் மின்வண்டியே இந்நாட்டின் ஒரே பகுத்தறிவாளர் என்று முழக்கம்கூட ஆயத்தமாக வைத்திருந்தேன். உன் அம்மாவோ, "ஒங்க பேச்ச மேடையோட வச்சுக்கிடுங்க, புள்ள கல்யாணத்துல மைக்கப் பிடிக்காதிய" என்றாள்.

நேற்று முன்தினம் கனகலட்சுமியே அழைத்தார். நான் வாய் திறக்குமுன், "அண்ணாச்சி, ஏசுதத அப்புறம் ஏசுங்க, நான் சொல்லுதத மொதல்ல கேளுங்க" என்றார். உன் மனத்தை ஆற்றுவதற்காக, உணவு இடைவேளையில் உன்னைப் பிடித்துவிடலாமென்று புதன்கிழமை மின்வண்டி ஏறியிருக்கிறார். அது நின்று நின்று ஊர்ந்து, அவரைச் சரியாக இராகுகாலத்தில் உன் அலுவலக வாயிலில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. காவலர் உள்ளே அழைத்தும் அவர் நுழையவில்லை. "ஒங்க மகளுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா அண்ணாச்சி? வெயில்லயே நின்னேன்" என்றார். இராகுகாலம் கழிந்தபோது இடைவேளையும் கழிந்திருந்தது. உன்னைப் பார்க்க விடவில்லை. கொண்டுவந்த அதிரசத்தைக் காவலரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். உன் கைக்கு அது வரவில்லையென்றால் அந்தக் காவலரின் வயிற்றைக் கேட்டுப் பார்.

தான் போட்ட சட்டத்துக்குத் தானே வெயிலில் நின்ற ஒருவரை நான் என் கட்சியில்கூடக் கண்டதில்லை, மகளே. கொள்கையில் அவர் எனக்குப் பகை, நேர்மையில் சம்பந்தி. அவரை இழந்துவிடாதே, பேச்சிராஜாவைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடுத்த ஞாயிறு மாலை அவர் வீட்டுக்குப் போ. வண்டியின் படியில் தொங்காதே. மோர் கொடுத்தால் மறுக்காமல் குடி.

நீடு வாழ்க, உன் வாய் குறையாமல் வாழ்க. ஒன்றை மட்டும் மறவாதே: நல்ல நேரத்தைக் குறிவைத்துப் புறப்படாதே. சரியாக இராகுகாலத்தில் போய்ச் சேருமாறு வண்டி ஏறு. மிச்சத்தை மின்வண்டி பார்த்துக்கொள்ளும்.

தொண்டை கட்டியும் அடங்காத உன் அப்பா,
பாண்டியராஜ்