படுக்க வைத்த அலமாரி

4 நவம்பர் 1957, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். பள்ளிக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம்: அலமாரி.

பத்திரம் பதிந்து தரும் நொத்தேர் துரை அலுவலகத்தை மூடிவிட்டுப் பிரான்சுக்குக் கப்பல் ஏறுகிறார். என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடம் பத்திரம் எழுதிய இடம். இவருக்குக் கண் போன பிறகும் மறக்காமல், இவர் மேசைக்குப் பின்னால் நின்ற காகித அலமாரியை அனுப்பி வைத்திருக்கிறார். கைவண்டியில், சாக்குப் போர்த்தி வந்து இறங்கியது. ஆறடி உயரம், மூன்றடி அகலம், கதவு கிடையாது. பதினெட்டுச் சதுர அறைகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் இவருடைய கையெழுத்தில் ஒரு பிரெஞ்சுச் சீட்டு.

கூடத்தில் நிறுத்தியதும் ஜன்னல் மறைந்துவிட்டது. நெல்லித்தோப்பில் எங்களுடையது இரண்டு அறை வீடு.

"இதை எங்கங்க வைக்கிறது?" என்றேன். எரிச்சலாகத்தான்.

அலமாரி முன்னால் நின்று கையை நீட்டினார். "விற்பனை. அடமானம். இது உயில்." தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே போனார். நான் சீட்டைப் படித்துச் சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. கண் போன இந்த ஏழு மாதத்தில் இப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை.

5 நவ., செவ்வாய்

மழை இல்லை. துணி காய்ந்தது.

பக்கத்து வீட்டு மரி அக்கா வாசலில் பிடித்துக்கொண்டார். "சரசு, அவரு சொல்லக் கூடாதுன்னாரு. எனக்கு மனசு கேக்கல. நீ வச்சிட்டுப் போற சோத்த அவரு துன்றதே இல்ல."

நான் பள்ளிக்குப் போகும்போது சமையலறைத் தரையில் மூடி வைத்துவிட்டுப் போவேன். இவர் தவழ்ந்து போய்த் தேடுவாராம். ஒரு நாள் குழம்பில் கை. ஒரு நாள் டம்ளர் உடைந்து விரலில் ரத்தம். பிறகு பூனை. அதற்குப் பிறகு போகவே இல்லை. சாயங்காலம் நான் கேட்டால் மட்டும், "சாப்ட்டேன், நல்லா இருந்துது."

கேட்டேன். மறுக்கவில்லை. வேறொன்று சொன்னார்.

"தங்கச்சிக்குக் கடுதாசி போட்டுட்டேன். தபால்காரர்தான் எழுதிக் குடுத்தாரு. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போவா. கடலூர்ல வீடு நெறைய ஆளுங்க இருக்காங்க. நீயும் நிம்மதியா வேலைக்குப் போலாம்."

நிம்மதியாம். முப்பது நோட்டுகள் திருத்தினேன். என்ன திருத்தினேன் என்று தெரியாது.

6 நவ., புதன்

செய்ய வேண்டியவை: அரிசி. மண்ணெண்ணெய். அவர் வேட்டி இரண்டு சலவைக்கு. (கடலூருக்கா? சலவைக்கு மட்டும்.)

மரி அக்கா வந்து அலமாரியைப் பார்த்தார். துரைமார் வீட்டில் இருபது வருடம் சமைத்தவர். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அடியே, இத ஏன் நிக்க வச்சிருக்க? பக்கவாட்டுல படுக்கப் போடு. பூஃபே ஆயிடும்" என்றார்.

பூஃபே என்றால், சாப்பாட்டு அறையில் இடுப்பு உயரத்துக்கு நீளமாக ஒரு அலமாரியாம். மேலே சாப்பாடு, உள்ளே தட்டு, கிண்ணம், ஊறுகாய், எல்லாம். தரையில் எதுவும் இருக்காது.

தரையில் எதுவும் இருக்காது! பதினெட்டு அறை, ஒரு அறைக்கு ஒரு சாமான். கண் இருந்தபோதே இவர் அந்த அறைகளைப் பார்த்ததில்லையே, எழுதிக்கொண்டே கையைப் பின்னால் நீட்டி எடுப்பாராமே.

இவரிடம் சொன்னேன். "ஞாயித்துக்கிழமைக்குள்ள என்னத்த ஆவப்போவுது" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

7 நவ., வியாழன்

தச்சர் காதர் பாய் வந்தார். மரத்தைத் தட்டினார், முகர்ந்தார். "பர்மா தேக்கு, டீச்சரம்மா. இத நெருப்புல போடாம அனுப்பினாரே, அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கட்டும்."

அப்படியே படுக்க வைத்தால் நடுவில் தொய்ந்துவிடுமாம். அடியில் ஒரு சட்டம், நடுவிலும் சேர்த்து ஆறு கட்டைக் கால். மேலே ஒரே பலகை. அறைகளின் முன்பக்கம் விரல் உயரத்துக்கு ஒரு விளிம்பு, கை பட்டால் டம்ளர் உருளாமல் இருக்க. இந்த விளிம்பு பாயின் யோசனை. நான் கேட்கவே இல்லை.

"சனிக்கிழமைக்குள்ள முடியுமா பாய்?"

"வேற வேலைய ஒதுக்கிட்டேன்."

8 நவ., வெள்ளி

தையல் வகுப்பில் பெண்களுக்குக் காஜா எடுக்கக் கற்றுக்கொடுத்தேன். மனமெல்லாம் வீட்டில்.

வந்தால் அலமாரி படுத்திருக்கிறது! ஜன்னல் திரும்பக் கிடைத்தது. வெளிச்சம் பலகை மேல் விழுந்து கிடந்தது.

ஆனால் இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பாய் மெல்லச் சொன்னார். கையை நீட்டியவருக்கு ஒன்றும் பிடிபடவில்லையாம். உயரம் நீளமாகிவிட்டது, நீளம் உயரமாகிவிட்டது. நான் இதை யோசிக்கவே இல்லையே. அவர் கைக்குத் தெரிந்த ஒரே இடத்தையும் நானே புரட்டிப் போட்டுவிட்டேன்.

"மறுபடி நிமித்திடலாமாங்க?"

"வேணாம் விடு."

சோறு பிசைந்து கொடுத்தேன். பாதிதான் இறங்கியது. எனக்கும்.

9 நவ., சனி

காலை 6. இவர் பாயில் இல்லை. பகீரென்றது. கூடத்தில் பார்த்தால், அலமாரிக்கு எதிரே தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கையை நீட்டித் தடவிக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க பண்றீங்க?"

"அது படுத்திருக்குதே, நானும் படுத்தாதான் சரியா வருது." இன்னும் இரண்டு அறையைத் தடவிவிட்டு, "மேல இருந்த வரிசை இடது கைப்பக்கம் வந்துடுச்சு. அவ்ளோதான், சரசு. அவ்ளோதான் வித்தியாசம்."

பிறகு எழுந்து நின்று தடவினார் ஒருமுறை. தலையைத் தோளில் சாய்த்து ஒருமுறை. பத்து மணிக்குத் தலை நிமிர்ந்துவிட்டது, சாய்க்காமலே அறைகள் கைக்குப் பிடிபட்டன.

பாய் கடைசி வேலைக்கு வந்தார். தோள் துண்டை எடுத்துத் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு மரம் முழுக்க உள்ளங்கையால் தடவினார். "கண்ணால பாத்தா எல்லாம் வழவழன்னுதான் இருக்குது, ஐயா." இரண்டு இடத்தில் மரச் சிலாம்பு அகப்பட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அவருக்கு இன்னொரு டம்ளர் டீ கொடுத்தேன்.

சாமான் அடுக்கினோம். இவர் சொல்லச் சொல்ல நான். உயில் இருந்த அறையில் எவர்சில்வர் தட்டு. அடமானத்தில் ஊறுகாய். சீட்டுகளைப் பிய்க்கட்டுமா என்றேன். "இருக்கட்டும், வர்றவங்க படிக்கட்டும்" என்று சிரித்தார்.

10 நவ., ஞாயிறு

நல்ல வெயில். பாக்கியம் காலை பஸ்சில் வந்துவிட்டாள். நல்ல பெண். அண்ணன் கையைப் பிடித்ததும் அழுதாள். அவருக்கென்று தனியாக அறை ஒழித்து, கட்டில் போட்டு வைத்திருக்கிறாளாம். நான் வாயைத் திறக்கக் கூடாது, இது அவர் முடிவு என்று அடுப்படியிலேயே நின்றேன்.

"வெயில்ல வந்திருக்க. உக்காரு" என்று அவர் குரல்.

சுவரில் கை வைத்துக்கொண்டு ஏழு அடி. இரண்டாவது வரிசை, டம்ளர். பலகை மேல் மோர்ப்பானை. டம்ளர் விளிம்புக்குள் விரல் நுனியை வைத்து, மோர் விரலைத் தொட்டதும் நிறுத்தினார். முறுக்கு டப்பா. தட்டு. ஒரு சொட்டு சிந்தவில்லை. பாக்கியம் எழப்போனாள். நான் கதவருகிலிருந்து வேண்டாமென்று தலையசைத்தேன்.

கொண்டுவந்து நீட்டினார். வாங்கிக் குடித்தாள்.

பிறகு, "அண்ணே, பெட்டி கட்டிட்டியா?"

"இல்லம்மா. பொங்கலுக்கு நானும் அண்ணியும் வரோம். ரெண்டு நாள் இருப்போம்."

போகும்போது வாசலில் என் கையை அழுத்தினாள். "கூட்டிட்டுப் போவலாம்னு வந்தேன் அண்ணி. என்னையே விருந்தாளி ஆக்கி அனுப்பறாரு."

கடவுளுக்கு, மரி அக்காவுக்கு, பாய்க்கு, முகமே பார்த்திராத அந்தத் துரைக்கு நன்றி. வரிசை எப்படியிருந்தாலும் சரி.

12 நவ., செவ்வாய்

மறுபடி மழை. செருப்பு அறுந்தது. ஐந்து மணிக்கு வீடு.

பகலில் சாப்பிட்டாராம். நம்பலாம், தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கிறது. எனக்கும் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறார். ரசத்தில் உப்புக் குறைச்சல். எடுக்கப் போனால் உப்பு ஜாடி இருந்த இடத்தில் சீப்பும் எண்ணெயும். அடுத்ததில் நூல்கண்டு. நான் இல்லாத நேரத்தில் எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருக்கிறார்!

"உப்பு எங்கங்க?"

"வாரிசுப் பத்திரத்துல."

"எனக்கு பிரெஞ்சு படிக்கத் தெரியும், ஆனா மழையில இருட்டிப்போச்சு, சீட்டு தெரியல."

"கைய நீட்டு," என்றார், "சொல்றேன்."